நகரும் துறைமுகம்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். கணிதத்தை எல்லோருக்கும் புரிகிற மொழியில் சொல்ல ஆள் வேண்டும் என்றுதான் தந்தையார் பெயரில் இதை ஏற்படுத்தினோம் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நான் கணிதம் கற்றுக் கொடுத்தவன் அல்லன். கப்பலில் வேலை பார்த்தவன். கப்பலில் தினமும் போட்டுப் போட்டுப் பழகிய ஒரே ஒரு கணக்கைத்தான் இன்று உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். ஓரிடத்துக்கு எப்போது போய்ச் சேருவோம்? ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு கப்பலைப் பிடிக்க எந்தத் திசையில் போக வேண்டும்? இரண்டு கேள்வி மாதிரித் தெரிகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் புரியப் பல வருஷங்கள் ஆயின.

எனக்கு அப்போது 19 வயது. கேடட்டாகச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அரபிக்கடலில், நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும் வாட்ச், அதாவது காவல் முறை. செகண்ட் ஆபீசர் நாகர்கோவில்காரர். வலப்புறம் வெகு தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. இன்னொரு கப்பலின் மாஸ்ட் விளக்கு. அதற்குக் கீழே மங்கலாக ஒரு சிவப்பு.

“தம்பி, அது நம்மளத் தாண்டிப் போகுமா, நம்ம மேல வருமா?”

“தெரியல சார்.”

“தெரியலன்னா பாரு. காம்பஸ்ல பேரிங் எடு.”

பேரிங் என்றால் அது தெரியும் திசைக்கோணம். எடுத்தேன். 48 டிகிரி. மூன்று நிமிஷம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். 48. இன்னும் மூன்று நிமிஷம். 48. வெளிச்சம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது, அவ்வளவுதான். “அந்தக் கப்பல் நகரவே இல்ல சார், நங்கூரம் போட்டு நிக்குது போல” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “நிக்கல தம்பி. நேரா நம்மகிட்ட வந்துட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டு, சுக்கான் பிடித்திருந்தவரிடம் கப்பலை வலப்பக்கம் திருப்பச் சொன்னார். அடுத்த முறை பார்த்தபோது 45. அதற்கடுத்து 39. அந்த விளக்கு எங்கள் முன்னால் இடப்பக்கமாக நகர்ந்து போக ஆரம்பித்ததும்தான் அவர் டீ டம்ளரைக் கையில் எடுத்தார்.

கப்பல்கள் மோதாமல் இருக்க 1972இல் வகுத்த சர்வதேச விதிகளில் ஏழாவது விதி இதைத்தான் சொல்கிறது. நெருங்கிவரும் கப்பலின் திசைக்கோணம் குறிப்பிடும்படி மாறவில்லை என்றால் மோதும் ஆபத்து இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் வேகம் தெரிய வேண்டாம். தூரமும் தெரிய வேண்டாம். திசை மாறுகிறதா, மாறவில்லையா, அது போதும். மிகப் பெரிய கப்பலையோ, இன்னொன்றை இழுத்துவரும் கப்பலையோ நெருங்கும்போது கோணம் மாறினாலும் நம்பாதே என்றும் அதே விதி சேர்த்துச் சொல்கிறது. அதைக் கடைசியில் இருக்கும் சின்ன எழுத்து என்று யாரும் தாண்டிப் போகக் கூடாது.

இந்தக் கணக்கைத் தெருவிலேயே பார்க்கலாம். ஸ்கூட்டரைத் துரத்தும் நாயைக் கவனியுங்கள். வண்டி இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே மூக்கை வைத்து ஓடும். அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். நாயும் மூக்கைத் திருப்பும். திருப்பித் திருப்பி, வளைந்து வளைந்து ஓடி, கடைசியில் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பின்னால்தான் வந்து சேரும். 1732இல் பியேர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர், கப்பல் செலுத்தும் கலையைக் கற்பித்தவர், இந்த வளைவை அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். அவர் பேசியது வணிகக் கப்பலைத் துரத்தும் இன்னொரு கப்பலைப் பற்றி. துரத்தும் கப்பல் எப்போதும் இரையை நோக்கியே முகத்தை வைத்திருந்தால் அதன் பாதை என்ன வடிவம் எடுக்கும் என்று சமன்பாடு எழுதினார். துரத்தல் வளைவு என்று அதற்குப் பெயர்.

தட்டான் அப்படிச் செய்யாது. குளக்கரையில் கொசு பிடிக்கும் தட்டானை ஆராய்ந்தவர்கள், இரை தன் கண்ணில் ஒரே திசையில் நிலையாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு அது பறக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். கொசு இருக்கும் இடத்துக்கு அது போவதில்லை. கொசு வரப்போகும் இடத்துக்குப் போகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சரக்குக் கப்பல் வடக்கே 12 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 12 கடல் மைல், போகிறது. நாம் அதற்கு நேர் கிழக்கே 16 மைலில் இருக்கிறோம். நம் வேகம் 20 நாட். நாயைப் போல முகத்தை அதன் மேலேயே வைத்துப் போனால் பூகேயின் சமன்பாட்டின்படி பிடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 25 மைல் ஓடியிருப்போம். தட்டானைப் போல முன்கூட்டியே மேற்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 37 டிகிரி சாய்த்து நேர்கோட்டில் போனால் சரியாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியில் அது 12 மைல் வடக்கே போகும். நாம் 20 மைல் சாய்வாகப் போவோம். குறுக்கே இருந்தது 16. பள்ளிக்கூடத்தில் படித்த 3, 4, 5 முக்கோணத்தை நான்கால் பெருக்கியிருக்கிறோம், வேறொன்றும் இல்லை. பிடிப்பதில் கால் மணி நேரம் மிச்சம். அந்தக் கப்பலில் தீப்பிடித்திருந்தால் கால் மணி நேரம் என்பது என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்த ஒரு மணி நேரமும் சரக்குக் கப்பல் நமக்கு நேர் மேற்கிலேயே தெரியும். கோணம் இம்மியும் மாறாது. கேடட்டாக இருந்த அன்று என்னைப் பயமுறுத்தியிருக்க வேண்டிய அதே 48, 48, 48! பிடிக்கப் போகிறவனுக்கு அது நல்ல செய்தி, விலகப் போகிறவனுக்குக் கெட்ட செய்தி.

நம் வேகம் குறைவாக இருந்தால்? அது 20, நாம் 12 என்று வையுங்கள். அப்போதும் பிடிக்கலாம், ஆனால் நாம் அதன் முன்பக்கத்தில், அது போகும் கோட்டுக்கு இருபுறமும் 37 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். அதற்கு வெளியே இருந்தால் எத்தனை சாமர்த்தியமாகத் திருப்பினாலும் நடக்காது. பழைய நீர்மூழ்கிகள் தண்ணீருக்கு அடியில் மிக மெதுவாகத்தான் போகும். இரவில் மேலே வந்து வேகமாக ஓடி, குறிவைத்த கப்பலுக்கு முன்னால் போய் மூழ்கிக் காத்திருந்ததன் காரணம் இந்த 37 டிகிரி போன்ற ஒரு கோணம்தான்.

இதையெல்லாம் மனதுக்குள் போட ஒரு வழி உண்டு. நம் கப்பலை விட்டு இறங்கி அடுத்தவன் கப்பலில் ஏறி உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் அவன் நிற்கிறான், நாம்தான் அவனை நோக்கி வருகிறோம். ரேடார் திரை இதையே திருப்பிப் போட்டு நமக்காகச் செய்கிறது. நாம் நடுவில் நிற்க, மற்றவர்கள் நகர்கிறார்கள். ஆறு நிமிஷம் என்பது ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒன்று என்பதால் நாங்கள் ஆறு நிமிஷத்துக்கு ஒருமுறை புள்ளி வைப்போம். 10 மணிக்கு 8 மைல், 10.06க்கு ஆறரை மைல். ஆறு நிமிஷத்தில் ஒன்றரை மைல் என்றால் மணிக்கு 15. மீதி ஆறரை மைலுக்கு 26 நிமிஷம். கால்குலேட்டர் வேண்டாம், பென்சில் போதும். இப்போது கணினி இதை விநாடிக்கு விநாடி போட்டுக் காட்டுகிறது. ஆனாலும் கண்ணாடி வழியே பேரிங் எடுத்துப் பார்க்காத அதிகாரியிடம் நான் வாட்சை ஒப்படைத்து நிம்மதியாகத் தூங்கியதில்லை.

என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக இருந்தவர். கப்பலுக்குக் கேப்டன் போல, தோணிக்குத் தண்டல். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போவார். நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 150 கடல் மைல். கிளம்பும்போது பாட்டி “எப்பம் போய்ச் சேருவீய?” என்று கேட்பாராம். “காத்தும் நீவாடும் சொல்லணும்” என்பாராம் தாத்தா. நீவாடு என்றால் நீரோட்டம். சின்ன வயதில் இந்தப் பதிலை நான் ஒரு தட்டிக்கழித்தல் என்றே நினைத்திருந்தேன்.

பிறகுதான் எழுதிப் பார்த்தேன். தோணி 5 நாட் வேகத்தில் போகிறது, 30 மணி நேரம். அந்த 30 மணியும் குறுக்கே ஒரு நாட் நீரோட்டம் இருந்தால், முகத்தைக் கொழும்புக்கு நேராக வைத்தவன் 30 மைல் தள்ளிப் போய் நிற்பான். அவன் போயிருக்க வேண்டியது நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் பதினொன்றரை டிகிரி சாய்த்து. அப்படிப் போனால் கொழும்பை நோக்கிய வேகம் 4.9 நாட்டாகச் சற்றே குறையும். நேரமும் கொஞ்சம் கூடும். இந்த முக்கோணத்தை வரைந்து முடித்துவிட்டு, சரக்குக் கப்பலைப் பிடிக்க வரைந்த முக்கோணத்தைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்று. தண்ணீரோடு சேர்ந்து மிதப்பவனுக்குத் தண்ணீர் நிற்கிறது, துறைமுகம்தான் நகர்கிறது. நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் ஒரு நாட் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கும் கொழும்பை என் தாத்தா ஒவ்வொரு முறையும் துரத்திப் பிடித்திருக்கிறார். கடலில் எந்தப் பயணமும் அப்படித்தான். அவர் பாட்டியிடம் சொன்னது தட்டிக்கழித்தல் அல்ல, மிகச் சரியான பதில். நகரும் பொருளின் வேகம் தெரியாமல் பிடிக்கும் நேரத்தைச் சொல்ல முடியாது.

அளவுகளைப் பற்றி ஒரு சொல். கடல் மைல் என்பது தரை மைல் இல்லை. பூமியின் அட்சரேகையில் ஒரு கலை, அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல் மைல். 1929 முதல் 1852 மீட்டர் என்று நிலைநிறுத்தியிருக்கிறார்கள். மணிக்கு ஒரு கடல் மைல், ஒரு நாட். நாட் என்றால் முடிச்சு. கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கட்டைத்துண்டு கட்டிக் கப்பலின் பின்னால் எறிவார்கள். 28 விநாடி மணல் கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடியதோ அதுவே வேகம். தீர்க்கரேகையின் கலைக்கு இந்தச் சலுகை கிடையாது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அது சுருங்கும். சென்னை உயரத்தில் அதிகம் சுருங்காது. 42 டிகிரி வடக்கே போனால் முக்கால் மைல்கூடத் தேறாது. இந்த முக்கால் மைல் கடைசியில் நமக்கு வேண்டும்.

தூரம், வேகம், நேரம் என்ற மூன்றில் நேரம்தான் எளிது என்று நினைப்போம். கையில் கடிகாரம் இருக்கிறதே. நான் தேர்ட் ஆபீசராக இருந்தபோது ஒரு துறைமுகத்துக்குப் பைலட் ஏறும் நேரத்தைக் கணக்கிட்டுச் செய்தி அனுப்பும் வேலை எனக்கு. மேற்கிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். அன்றிரவு கப்பல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே வைக்க வேண்டும். தூரம் சரி, வேகம் சரி, வகுத்தலும் சரி. கூட்டும்போது அந்த அரை மணியை விட்டுவிட்டேன். நாங்கள் போனபோது பைலட் வேறொரு கப்பலை உள்ளே கூட்டிப் போயிருந்தார். எங்களுக்கு வேண்டிய ஏற்றத் தண்ணீரும் போயிற்று. அடுத்த ஏற்றம் வரை வெளியே நங்கூரம் போட்டு நின்றோம். கேப்டன் என்னைத் திட்டவில்லை. என் தாளை எடுத்து, அரை மணி விடுபட்ட இடத்தில் ஒரு வட்டம் போட்டு, என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். அந்தக் கப்பலை விட்டு இறங்கும்வரை அந்தத் தாள் அங்கேயே இருந்தது.

என் பிழையால் போனது கொஞ்சம் எரிபொருளும் அரை நாளும்தான். எவ்வளவு நேரத்தில் வந்து சேருவான் என்பதில் ஏற்படும் பிழை ஒரு கப்பலையே முடித்ததும் உண்டு. அந்தக் கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. “அவன் பெரிய எம்டன்” என்று இன்றும் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், நவம்பர் 9 காலையில் கோகோஸ் தீவுகளுக்குப் போய், அங்கிருந்த தந்தி நிலையத்தை உடைக்கப் படைவீரர்களை இறக்கியது. இறங்குவதற்குள் தீவில் இருந்தவர்கள் அந்நியப் போர்க்கப்பல் வந்திருக்கிறது என்று கம்பியில்லாத் தந்தி அடித்துவிட்டார்கள். எங்கோ ஒரு கப்பல் பதில் கொடுத்ததை எம்டனும் கேட்டது. ஆனால் ஒலியின் வலிமையை வைத்து அது 200 மைலுக்கு அப்பால் இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். 20 நாட் வேகத்தில் வந்தாலும் பத்து மணி நேரம் இருக்கிறது. வேலையை முடித்துக்கொண்டு நிதானமாகப் புறப்படலாம்.

உண்மையில் ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிவந்த கப்பல் கூட்டம் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து சிட்னி என்ற போர்க்கப்பல் காலை 7 மணிக்குப் பிரிந்தது. கேப்டன் கிளாசப் வேகத்தை 20 நாட்டுக்கு உயர்த்தினார். 9.15க்குத் தீவும் எம்டனின் புகையும் கண்ணில் பட்டன. இரண்டேகால் மணி நேரம், 20 நாட். நீங்களே பெருக்கிப் பார்க்கலாம், 45 மைல். எம்டனின் கேப்டன் ஃபொன் முல்லர் தேர்ந்த மாலுமி. ஆனாலும் சிட்னியின் புகையைத் தங்கள் கரிக்கப்பலின் புகை என்றே முதலில் நினைத்தார்கள். தீவில் இறங்கிய வீரர்களைத் திரும்ப ஏற்றவும் நேரம் இல்லை. அன்று பகலுக்குள் எம்டன் வடக்கு கீலிங் தீவின் பாறையில் ஏறி நின்றது. வகுத்தலில் பிழை இல்லை. தொடங்கும் தூரம் தவறு.

அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கணக்கில் கடினமான பகுதி முக்கோணம் அல்ல. முக்கோணத்தின் முதல் புள்ளி. நான் எங்கே இருக்கிறேன்? அவன் எங்கே இருக்கிறான்?

குமரிக்கரையிலும் திருவனந்தபுரம் கரையிலும் மீனவர்கள் கணிச்சம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கரையில் இருக்கும் கோயில் கோபுரமோ தேவாலய உச்சியோ, அதன் பின்னால் நிற்கும் மலையின் ஒரு முகட்டோடு ஒரே கோட்டில் வர வேண்டும். வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளம் அதேபோல் கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் தண்ணீருக்கு அடியில் மீன் கூடும் பார், அதாவது பாறைத்திட்டு. எண் கிடையாது, கருவி கிடையாது. ஆனால் முதல் புள்ளி சந்தேகத்துக்கு இடமில்லாமல் கிடைத்துவிடுகிறது. கரை மறையும் தூரத்துக்குப் போனால்தான் இது கைவிடும். இன்று நம் பிள்ளைகள் போவது அந்தத் தூரத்துக்கு, அதையும் தாண்டி.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக்கு அருகே கடந்தபோது அப்படிப் போனவர்கள்தான் சிக்கினார்கள். அந்த நாட்களில் எனக்குத் தெரிந்த வீடுகளில் உட்கார்ந்திருந்தேன். “கடைசியா எங்க நின்னு பேசினான்? எத்தன மணி?” என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தோம். ஏன் அந்த இரண்டு கேள்வி என்று ஒரு தாய் கேட்டார். இன்ஜின் நின்ற படகு காற்றிலும் நீரோட்டத்திலும் மணிக்கு இரண்டு மைல் போகிறது என்று வையுங்கள். 36 மணி நேரத்தில் 72 மைல். திசையில் இருபுறமும் 20 டிகிரி நிச்சயமின்மை இருந்தால், அந்த 72ஆவது மைலில் தேட வேண்டிய அகலம் மட்டும் 50 மைலைத் தாண்டும். நேரம் இரட்டித்தால் தேட வேண்டிய பரப்பு நான்கு மடங்காகும். தேடும் கப்பல் நேராகப் பழைய இடத்துக்குப் போவது, நாய் ஸ்கூட்டரைத் துரத்துவதுதான். படகு மிதந்து எங்கே வந்திருக்கும் என்று அந்த இடத்தைக் குறித்து, அங்கே போய் முந்திக்கொள்ள வேண்டும். எந்தக் காற்றுக்கு எந்தப் படகு எப்படிச் சரியும் என்று அந்தக் கரையின் ஆட்களுக்குத் தெரியும். தேடப் போகும் ஒவ்வொரு கப்பலிலும் அவர்களில் ஒருவர் மேல்தளத்தில் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தத் தாயிடம் இவ்வளவும் என்னால் சொல்ல முடியவில்லை. நேரத்தை மட்டும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள் அம்மா என்றேன்.

இனி நான் சொல்ல வந்த இரவு. கடல் மீட்புகளில் நான் அதிகம் படித்ததும் பென்சிலால் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்ததும் இதுதான்.

1912 ஏப்ரல் 14. டைட்டானிக் இரவு 11.40க்குப் பனிமலையில் மோதியது. இடத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தவர் நான்காம் அதிகாரி ஜோசப் பாக்ஸ்ஹால். மாலை ஏழரை மணி அளவில் நட்சத்திரம் பார்த்துக் கண்ட இடத்திலிருந்து, கப்பல் 22 நாட் வேகத்தில் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தைக் கூட்டினார். 41 டிகிரி 46 கலை வடக்கு, 50 டிகிரி 14 கலை மேற்கு. உலகமே பின்னால் மனப்பாடம் செய்த எண்கள். மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலின் அறையில், கை நடுங்காமல் அவர் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார். அதை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

தென்கிழக்கே கார்பாத்தியா என்ற கப்பல் போய்க்கொண்டிருந்தது. வயர்லெஸ் இயக்கிய ஹெரால்ட் காட்டம் படுக்கப் போகும் முன் ஒருமுறை கேட்டதில் அந்த அபயக்குரல் விழுந்தது. அவர்கள் கடிகாரத்தில் 12.35. கேப்டன் ஆர்தர் ராஸ்ட்ரன் முதலில் கப்பலைத் திருப்பச் சொன்னார், பிறகுதான் “நிச்சயமாகத் தெரியுமா?” என்று காட்டமிடம் கேட்டார். வரைபட அறைக்குப் போய்க் கணக்கிட்டார். வடக்கிலிருந்து மேற்கே 52 டிகிரி, 58 மைல். கார்பாத்தியாவின் வழக்கமான வேகம் 14 நாட். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும் கணக்கு. ஓய்வில் இருந்த கரி தள்ளுவோரையும் எழுப்பினார். வெந்நீர், அறைகளுக்குச் சூடு எல்லாவற்றையும் நிறுத்தி, நீராவி முழுவதையும் இயந்திரத்துக்கு விட்டார். பனிமலைகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, 4 மணிக்கு இயந்திரத்தை நிறுத்தினார். முதல் உயிர்ப்படகு அருகே வந்தது.

மூன்றரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. 58ஐ மூன்றரையால் வகுத்தால் பதினாறரைக்கு மேல். 14 நாட் கப்பல் அன்றிரவு 17 நாட் ஓடியது என்ற பெருமை அப்படித்தான் வந்தது. புத்தகத்துக்குப் புத்தகம் எழுதப்பட்டது.

1985 செப்டம்பர் 1 அன்று டைட்டானிக்கின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 49 டிகிரி 57 கலை மேற்கு. பாக்ஸ்ஹாலின் தீர்க்கரேகையிலிருந்து 17 கலை கிழக்கே. அந்த உயரத்தில் கலைக்கு முக்கால் மைல். சுமார் 13 மைல். வேகத்தில் ஒரு நாட் தப்பினாலும் நான்கு மணி நேரத்தில் நான்கு மைல்தான்; நீரோட்டம் உட்பட வேறு பிழைகளும் சேர்ந்திருக்க வேண்டும். ராஸ்ட்ரனின் 52 டிகிரியையும் 58 மைலையும் திருப்பிப் போட்டு அவர் புறப்பட்ட இடத்தைக் கண்டு, அங்கிருந்து சிதைவு கிடக்கும் இடத்துக்கு அளந்து பார்த்தேன். 47 மைல் வருகிறது. அதை மூன்றரையால் வகுத்தால் பதின்மூன்றரை. ஆக, கார்பாத்தியா தன்னால் முடிந்த வேகத்தில்தான் ஓடியிருக்கிறது. டைட்டானிக்தான் நினைத்ததைவிட அருகே இருந்தது. இதனால் ராஸ்ட்ரனின் புகழ் குறையும் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 58 மைல் என்று நம்பிக்கொண்டு, பனிமலைகளுக்கு நடுவே, இருட்டில் முழு வேகம் கொடுத்தவர் அவர்.

இதே கணக்கு இன்னொரு கேப்டனுக்கு எதிராகத் திரும்பியது. மேற்குப் பக்கத்தில் மவுண்ட் டெம்பிள் என்ற கப்பல், கேப்டன் மூர். அவருடைய கணக்கில் 49 மைல். விடியும் முன் நாலரை மணி அளவில், சொன்ன இடத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தார். ஒரு மரத்துண்டுகூட இல்லை. கிழக்கே பனிவெளி சுவர் மாதிரி மறித்து நின்றது. காலையில் சூரியனைப் பார்த்துத் தன் தீர்க்கரேகையைக் கண்டு, டைட்டானிக் குறைந்தது எட்டு மைல் கிழக்கே இருந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க விசாரணையில் அவர் சொன்னார். 1985 வரை அந்தச் சொல்லுக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை.

ஒன்று மீதி இருக்கிறது. 13 மைல் தப்பான இடத்தை நோக்கி வந்த கார்பாத்தியா எப்படிப் படகுகளிடம் வந்து சேர்ந்தது? நான் போட்ட கோட்டின்படி ராஸ்ட்ரன் அதே 52 டிகிரியில் போயிருந்தால் படகுகள் அவருக்கு வலப்புறம் ஆறு மைல் தள்ளி இருந்திருக்கும். ஆனால் 2.40க்கு அவர் பார்த்த பச்சை ஒளி இடப்பக்கம் கொஞ்சம் விலகித் தெரிந்தது. அப்படியானால் கார்பாத்தியாவும் தான் நினைத்த இடத்தில் இல்லை என்றே நான் எண்ணுகிறேன். இரண்டு கப்பலின் பிழைகளும் ஒன்றை ஒன்று ஓரளவு சரிக்கட்டியிருக்கின்றன. மீதியைச் சரிக்கட்டியது அந்தப் பச்சை ஒளி. அது தெரிந்ததும் டைட்டானிக் இன்னும் மிதக்கிறது என்றே ராஸ்ட்ரன் நினைத்தார். அதற்குள் அது மூழ்கிவிட்டிருந்தது. ஒளி வந்தது இரண்டாம் எண் உயிர்ப்படகிலிருந்து. இறங்கும்போது பச்சைத் தீக்கொழுந்துகள் இருந்த பெட்டியை எடுத்துப் படகில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். தாளில் இருந்த இடத்தை மறந்து, கண்ணுக்குத் தெரியும் அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு கார்பாத்தியா வந்தது. 700க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள்.

ஒளி காட்டியவர் ஜோசப் பாக்ஸ்ஹால்.

அவர் 1967இல் இறந்தார். தன் கணக்குச் சரி என்றே கடைசிவரை நம்பியிருந்தார். அவருடைய அஸ்தியை அட்லாண்டிக்கில், 41 டிகிரி 46 கலை வடக்கு, 50 டிகிரி 14 கலை மேற்கில் கரைத்தார்கள். கப்பல் அங்கிருந்து 13 மைல் கிழக்கே, யார் கண்ணிலும் படாமல், இன்னும் 18 ஆண்டுகள் கிடந்தது.